செங்கோடன் தேடிய நீல முகப்பு

நாமக்கல் பக்கம் பழைய லாரி வாங்க நினைக்கிறவர்களும் விற்க நினைக்கிறவர்களும், நேராக வந்தாலும் சுற்றி வந்தாலும், கடைசியில் செங்கோடனிடம்தான் வந்து நிற்பார்கள். திருச்சி ரோட்டில் ஒரு பாடி கட்டும் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையும் அங்கே கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான் அவருடைய ஆபீஸ். ஆள் கொஞ்சம் குள்ளம். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். வண்டியின் கதவிலும் கேபினிலும் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாமல் நழுவினால் அந்த இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வண்டி எங்கோ போய் முட்டியிருக்கிறது என்று அர்த்தம். காலையில் வண்டி பார்க்கப் போனால் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "ஏனுங்க, நான் வாரதுக்குள்ளயே ஓட்டி வச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்று சிரிப்பார். குளிர்ந்த இன்ஜின் இருமி இருமிக் கிளம்புவதை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தான் விற்கும்போது அவரும் அதையேதான் செய்வார் என்று ஊருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருடமாகக் கைப்பேசியில் லாரி பார்ப்பதைக் காட்டிலும் வாட்ச் பார்ப்பதுதான் அதிகம். பழைய பொருள் விற்கும் எல்லா ஆன்லைன் சந்தையிலும் அவருக்குக் கணக்கு உண்டு. நீல முகப்பு, வெள்ளி நிறச் செயின், தேதி காட்டும் சின்ன ஜன்னல், சாவி கொடுக்காமல் கை அசைவிலேயே ஓடும் சுவிஸ் வாட்ச். கம்பெனி பேரை இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் அதற்கும் நாலு பேர் விலை கேட்பார்கள். அந்த மாடலை இப்போது செய்வதில்லை. கடையில் கிடைக்காது. யாராவது கழற்றி விற்றால்தான் உண்டு.

அந்த வாட்ச் அவர் கையில் இருந்ததுதான். அவருடைய மனைவி ராசாத்தி வாங்கிக் கொடுத்தது.

ராசாத்தி இரண்டு எருமை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள். அந்தப் பணத்தில் ஏலச் சீட்டு போட்டிருந்தாள். சீட்டு எடுத்த அன்று வளையல் வாங்குவாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க, சேலம் போய்ட்டு வந்துரலாம்" என்றாள். எதற்கு என்று பஸ் ஏறும்வரை சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு வண்டி வியாபாரத்தில் சும்மா வந்த, கண்ணாடி கீறிய வாட்ச் ஒன்று அதில் இருந்தது. "இத்தன பேரு உங்க கையப் புடிச்சுத்தான் வெல பேசறாங்க. கையில கட்டறது இந்தச் சனியனுங்களா?" என்று கேட்டாள்.

அப்படி வந்த வாட்ச்சை அவர் ஒரு லாரியோடு அனுப்பிவிட்டார்.

நாமக்கல்லில் பழைய வண்டி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். விலை பேசிப் பேசிக் கடைசியில் ஒரு சின்ன இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். விற்கிறவன் இறங்கமாட்டான், வாங்குகிறவன் ஏறமாட்டான். அப்போது பணத்தை விட்டுவிட்டுப் பொருளுக்குத் தாவுவார்கள். "ஸ்டெப்னி ஒண்ணு சேர்த்துக் குடுங்க", "அந்தத் தார்ப்பாயப் போட்டு உடுங்க" என்று ஏதாவது கேட்பார்கள். கேட்டதைத் தூக்கிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கௌரவம் குறையாமல் கை குலுக்கிக்கொள்ளலாம். குண்டூரிலிருந்து வண்டி வாங்க வந்த ஒரு லாரி முதலாளி அன்றைக்கு ஸ்டெப்னியும் கேட்கவில்லை, தார்ப்பாயும் கேட்கவில்லை. செங்கோடனுடைய மணிக்கட்டைக் காட்டி, அதைக் கொடுத்தால் இப்போதே முடித்துக்கொள்ளலாம் என்றார். வண்டிக்காரனும் டிரைவரும் டீக்கடைக்காரரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே வியாபாரம் செத்துப்போவதைப் பார்க்கிற பழக்கம் செங்கோடனுக்கு இல்லை. கை தானாகப் போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டது. வண்டி கிளம்பிப் புழுதி அடங்கிய பிறகுதான் மணிக்கட்டு குளிர்ந்தது.

வீட்டுக்குப் போனதும் ராசாத்தி முதலில் பார்த்தது கையைத்தான்.

"வாட்ச்சு எங்கீங்க?"

"வண்டியோட போயிருச்சு புள்ள."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, "செரி, போன எடத்துல நல்லா ஓடட்டும்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே வேறு வாங்கிக்கொள்கிறேன், நீயே வந்து எடுத்துக் கொடு என்று அவர் சொன்னார். தேர் கழியட்டும் என்றாள். தேர் கழிந்தது. மழை வந்தது. அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவளைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. அவள் திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் டீக்கடையில் யாரோ மணி கேட்டார்கள். செங்கோடன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வெறும் கை. அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்துவிட்டார். குண்டூர்க்காரரைத்தான் முதலில் பிடித்தார். அவர் அதை விசாகப்பட்டினத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அந்த யாரோ வேறு யாருக்கோ விற்றிருந்தார். அதற்குமேல் வழி அடைத்துக்கொண்டது. எங்கேயாவது ஒருநாள் விற்பனைக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று செங்கோடன் நம்பினார். விற்காத பொருள் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

மகள் ரஞ்சிதாவுக்குப் பயம்தான். அவள் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். ஆன்லைனில் காசைத் தொலைத்தவர்களின் கதை அவளுக்கு நிறையத் தெரியும். ஆனால் அப்பா பேரம் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்டபோது பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச் விற்கிறவர்களும் லாரி விற்கிறவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். படம் பளபளவென்று இருந்தால், "இது கம்பெனிக்காரன் எடுத்த போட்டோவுங்க. இன்னைக்கு வந்த பேப்பரப் பக்கத்துல வச்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க" என்பார். அதோடு முக்கால்வாசிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். வினாடி முள் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார். உண்மையான வாட்ச்சில் அது வழுக்கிக்கொண்டு போகும், பேட்டரி போட்ட போலியில் விட்டுவிட்டுக் குதிக்கும். ஓரங்கள் மழுங்கி இருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான், ஏதோ அடியை மறைக்கிறான் என்று ஒதுக்குவார். நம்பரை விரலால் மறைத்துப் படம் எடுத்தவனை, சேசிஸ் நம்பரைக் காட்டாத வண்டிக்காரனைப் போல, அந்த நிமிடமே விட்டுவிடுவார். பாதி விலைக்குத் தருகிறேன் என்றவனிடம் பேசவே மாட்டார்.

ஒரே ஒருமுறைதான் மானம் போனது. ஈரோட்டில் ஒருவர் நேரில் வந்து பார்க்கச் சொன்னார். உண்மையான வாட்ச், நல்ல மனிதர், பில்லும் பெட்டியும் இருந்தது. செங்கோடன் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வாட்ச்சின் மேல் வைக்கப் போனார். அந்த மனிதர் அலறிக்கொண்டு பிடுங்கிக்கொண்டார். காந்தம் பட்டால் உள்ளே இருக்கும் சுருள் கெட்டுப்போய் நேரம் தாறுமாறாக ஓடுமாம். "நீங்க வாட்ச் வாங்க வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா?" என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார். இதை டீக்கடையில் செங்கோடனே சொல்லிச் சிரித்தார்.

எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு எல்லோரிடமும் அவர் கேட்கும் ஒரு கேள்வி இருந்தது. "பின்னாடி மூடியில ராசாத்தின்னு பேரு வெட்டியிருக்குதுங்களா? இருந்தா மேல போட்டுக் குடுக்கறேன்."

பேர் எதுவும் அந்த வாட்ச்சில் கிடையாது. பின்பக்கம் வழவழவென்று வெறுமையாகத்தான் இருந்தது. லாரியிலும் அவர் இப்படித்தான் கேட்பார். பல கை மாறிய வண்டியைப் பார்த்து, "இது ஒரே கையில ஓடுன வண்டிதானுங்களே?" என்பார். வாங்குகிறவனுக்கு இசைந்து தலையாட்டுகிறவன் எதற்கும் தலையாட்டுவான் என்பது அவருடைய கணக்கு. யோக்கியர்கள் எல்லோரும், பேர் எதுவும் இல்லை என்றே பதில் போட்டார்கள். ஆனால் அவர்களிடமும் அவர் வாங்கியதில்லை.

"பொய்காரனக் கண்டுபுடிக்க வேற எத்தனையோ கேள்வி இருக்குதுங்கப்பா. எப்பப் பாத்தாலும் ஏன் இதையே கேக்கறீங்க?" என்று ரஞ்சிதா ஒருநாள் கேட்டாள்.

"அதெல்லாம் தொழில் சாமி, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒருவன் பதில் போட்டான். ஆமாம் சார், பேர் இருக்கிறது, எனக்கும் இது எப்படி வந்தது என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது, இதோ படம் என்று எழுதியிருந்தான். கீழே படம். வாட்ச்சின் பின்மூடி. வட்டமான எஃகில், அழகாக வளைந்த எழுத்தில், ராசாத்தி.

செங்கோடன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ரேஷன் கார்டிலும் இறப்புச் சான்றிதழிலும் அந்தப் பேரைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆசையாக எழுதி அவர் பார்த்ததில்லை.

ரஞ்சிதா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு நிமிடத்தில் விளங்கிவிட்டது. "கணக்கே நேத்துத்தான் ஆரம்பிச்சிருக்கறான். வெல பாதிக்கும் கீழ. சந்தைக்கு வெளிய, இந்த நம்பருக்கு நேராப் பணம் போடச் சொல்றான். வடக்க மாத்தலாகிப் போறானாம், இன்னைக்கே முடிக்கோணுமாம். ஐதராபாத்துப் பார்ட்டி ஒண்ணு காத்துட்டு இருக்குதாம். அப்பா, இதெல்லாம் நீங்க எனக்குச் சொல்லோணும். நான் உங்களுக்குச் சொல்லிட்டு இருக்கறேன்."

"தெரியுது சாமி."

"அப்பறம் என்னங்கப்பா? நம்ம வாட்ச்சுல பேரே இல்லையில்ல?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சேலத்தில் வாட்ச் வாங்கிய கடையிலேயே பேர் வெட்டித் தருகிற மிஷின் ஒன்று இருந்தது. காசு வேண்டாம், சும்மா வெட்டித் தருகிறோம் என்றார்கள். ராசாத்தி வெட்கப்பட்டுக்கொண்டே, "என்ற பேர வெட்டச் சொல்லுங்க. உள்பக்கந்தான, யாரு பாக்கப்போறா" என்றாள். வேண்டாம் என்றார் செங்கோடன். பேர் வெட்டினால் நாளைக்கு விலை போகாது என்றார். அவள் அவரைப் பார்த்து, "விக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சிரித்து மழுப்பினார். அவளும் சிரித்துவிட்டாள்.

"பேரு இருந்திருந்தா அந்தக் குண்டூர்க்காரன் அதக் கேட்டிருக்கவே மாட்டான்" என்றார் செங்கோடன். "பொண்டாட்டி பேரு வெட்டுன வாட்ச்ச எவன் கேப்பான்? கேட்டாலும் என்ற கை கழட்டியிருக்காது."

அப்பா ஏன் எல்லோரிடமும் அதையே கேட்டார் என்று அப்போதுதான் ரஞ்சிதாவுக்குப் புரிந்தது. யாராவது ஒருவன் ஆமாம் என்று சொல்லிவிடமாட்டானா என்று இந்த இரண்டு வருடமும் அவர் ஏங்கியிருக்கிறார்.

அவள் தடுப்பதற்குள் அவர் அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அமவுண்ட் போட்டுட்டீங்களா?"

"இன்னும் போடலீங்க. ஒரு பேச்சுப் பேசிட்டுப் போட்டுக்கலாமுன்னு கூப்புட்டேன்."

"சீக்கிரம் சார். ஹைதராபாத் பார்ட்டி வெயிட்டிங்ல இருக்காரு."

"இருக்கட்டுமுங்க. அந்த ஐதராபாத்துக்காரர எனக்கு நல்லாத் தெரியும். என்ற கிட்ட வண்டி வாங்க வார எல்லாருக்கும் அவருதான் போட்டி. அவரக் காட்டித்தான் நான் பாதி லாரி வித்தேன்."

அவன் போனை வைத்துவிடுவான் என்று ரஞ்சிதா நினைத்தாள். செங்கோடன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வச்சராதீங்க தம்பி. இது ஒரிஜினல் இல்லீன்னு எனக்குத் தெரியும். என்ற வாட்ச்சும் இல்லீன்னு தெரியும். போலி வாட்ச்சா இருந்தாலும் செரி, ஓடாத வாட்ச்சா இருந்தாலும் செரி. அந்தப் பேரு வெட்டுன மூடி இருக்குதுல்லங்க, அத மட்டும் கழட்டிக் குடுத்தாலும் போதும். நீங்க கேட்ட வெலையே வாங்கிக்குங்க. எந்த ஊருன்னு சொல்லுங்க, நானே வாரேன். போலீசு கீலீசுன்னு ஒண்ணும் வராது."

எங்கேயோ ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்" என்றான் அவன். முதலில் இருந்த வியாபாரக் குரல் இல்லை. "வாட்ச்சே இல்லை சார்."

"என்னங்க?"

"எங்கிட்ட எந்த வாட்ச்சும் இல்லை. நெட்ல இருந்து எடுத்த போட்டோ. பேரைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். நீங்க எழுதி அனுப்புன பேரைத்தான் சார் போட்டேன்." கொஞ்சம் தயங்கி, "யார் சார் ராசாத்தி?" என்று கேட்டான்.

"எங்கூட்டுல. இப்ப இல்லீங்க."

அவன் போனை வைத்துவிட்டான். ரஞ்சிதா திரும்பத் தேடியபோது அவன் கணக்கும் போயிருந்தது, விளம்பரமும் போயிருந்தது. அடுத்த ஆள் ஏமாறக்கூடாது என்று அவள் அந்த நம்பரைக் குறித்து சைபர் கிரைமுக்குப் புகார் கொடுத்தாள். செங்கோடன் தடுக்கவில்லை, அது முறைதான் என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாட்ச் தேடுவதை விட்டுவிட்டார். சந்தைக் கணக்குகளை எல்லாம் மகளையே அழிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் படத்த மட்டும் அழிச்சராத சாமி" என்றார். பிறகு, கைப்பேசியைத் திறந்ததும் முதலில் அது தெரிகிற மாதிரி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். திருட்டுப் படம், பொய் வாட்ச், யாரோ ஒரு மோசடிக்காரன் கம்ப்யூட்டரில் போட்ட எழுத்து. ரஞ்சிதா மறுக்க வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துக் கொடுத்தாள்.

செங்கோடன் இப்போதும் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்ஜினைத் தொட்டுப் பார்க்கிறார், ஐதராபாத்துப் பார்ட்டியைக் காட்டி விலை ஏற்றுகிறார், மாட்டிக்கொண்ட பேரத்தை முடிக்க ஸ்டெப்னியைத் தூக்கிக் கொடுக்கிறார். கையில் எதுவும் கட்டுவதில்லை. யாராவது மணி கேட்டால் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். கேட்டவர் பாதி டீயைக் குடித்து முடித்திருப்பார், அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருப்பார். மணி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.